ஜெனீவா உடன்படிக்கை வந்துவிட்டது. நம் மூலிகை அறிவு பத்திரமாகிவிட்டதா?

உங்கள் கேள்வி இது: 2024 மே மாதம் உலக நாடுகள் ஜெனீவாவில் கூடி மூலிகைகள், மரபணு வளங்கள், பாரம்பரிய அறிவு பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டதாகப் படித்திருக்கிறீர்கள். உங்கள் தாத்தா சித்த வைத்தியர். அவர் எழுதிவைத்த நோட்டுகளும் சில ஏடுகளும் வீட்டில் இருக்கின்றன. இனி வெளிநாட்டு நிறுவனங்கள் நம் மருந்துகளுக்குக் காப்புரிமை வாங்கவே முடியாது என்று நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் தன் கண்டுபிடிப்பு என்று ஒருவர் பதிவு செய்வதைத் தடுக்க முடியுமா என்பது ஒன்று. நம் அறிவிலிருந்து தொடங்கி ஒருவர் உண்மையிலேயே புதிதாக ஒன்றைச் செய்து சம்பாதித்தால் நமக்குப் பங்கு கிடைக்குமா என்பது இரண்டாவது. உங்கள் வீட்டு ஏடுகளை என்ன செய்வது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் விடை வேறு வேறு.

நான் சென்னையில் பல ஆண்டுகளாகக் காப்புரிமை முகவராக வேலை செய்கிறேன். மூலிகை சார்ந்த விண்ணப்பங்கள் என் மேசைக்கு அடிக்கடி வரும். ஒரு மருந்து நோயைக் குணமாக்குமா என்பதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அது யாருடையது, அதை எப்படி நிரூபிப்பது என்ற கேள்விகளோடுதான் எனக்குப் பழக்கம்.

முதலில் உடன்படிக்கை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரு கண்டுபிடிப்பு ஏதேனும் ஒரு தாவரம், விலங்கு, நுண்ணுயிர் போன்ற மரபணு வளத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தால், அந்த வளம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை விண்ணப்பதாரர் காப்புரிமை விண்ணப்பத்தில் தெரிவிக்க வேண்டும். நாடு தெரியாவிட்டால் எங்கிருந்து பெற்றார் என்பதையாவது சொல்ல வேண்டும். பாரம்பரிய அறிவு அடிப்படையாக இருந்தால் அதைத் தந்த பழங்குடி மக்களையோ உள்ளூர்ச் சமூகத்தையோ குறிப்பிட வேண்டும். இதன் சாரம் இவ்வளவுதான். காப்புரிமை வாங்கக் கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை, பங்கு கொடு என்றும் சொல்லவில்லை. அதில் சேரும் நாடுகளின் காப்புரிமை விண்ணப்பப் படிவத்தில் ஒரு புதிய கட்டத்தைச் சேர்க்கச் சொல்கிறது. அந்தக் கட்டத்தைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஏமாற்று வேலை என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அவசரப்படுகிறது என்பது என் கருத்து.

தவறான காப்புரிமை எப்படி உண்டாகிறது, எப்படி விழுகிறது என்பதற்கு மஞ்சளையும் வேம்பையும் விட நல்ல பாடம் கிடையாது. 1995 மார்ச்சில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஓர் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. மஞ்சள் தூளைக் கொடுத்துக் காயத்தை ஆற்றும் முறை என்பதுதான் அதன் முதல் உரிமைகோரல், அதாவது தனக்கே உரியது என்று விண்ணப்பதாரர் கேட்டது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வுக் குழுமம் 1996-இல் மறுஆய்வு கோரியது. நம் ஊரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார் என்பது அமெரிக்கச் சட்டத்தின் முன் செல்லாது. அன்றைய சட்டப்படி, அமெரிக்காவுக்கு வெளியே ஒரு பொருள் புழக்கத்தில் இருந்தது என்பது கணக்கில் வராது. வெளிநாட்டு அறிவு என்றால் அது எழுத்தில் வெளியாகியிருக்க வேண்டும். ஆகவே சம்ஸ்கிருதம், உருது, இந்தி நூல்களிலிருந்தும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரையிலிருந்தும் ஆதாரங்களைத் திரட்டி மொத்தம் 32 சான்றுகளைக் கொடுத்தார்கள். 1997-இல் அந்தக் காப்புரிமை விழுந்தது.

வேம்பின் கதை ஐரோப்பாவில் நடந்தது. அங்கே சட்டம் வேறு. உலகின் எந்த மூலையில் வெளிப்படையாகப் பயன்பாட்டில் இருந்தாலும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். வேப்ப எண்ணெயைக் கொண்டு பயிர்களில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994-இல் காப்புரிமை பெற்றிருந்தன. இந்தியச் சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மாக்தா ஆல்வோட், இயற்கை வேளாண் இயக்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு ஆகியோர் சேர்ந்து எதிர்த்தார்கள். இந்தியாவிலிருந்து சென்ற ஒரு தொழிற்சாலை நிர்வாகி, தாம் இதே வகைச் சாற்றைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தயாரித்துவந்ததாக நேரில் சாட்சியம் சொன்னார். 2000-இல் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது. நிறுவனம் கொடுத்த தொடக்க விண்ணப்பத்திலிருந்து கணக்கிட்டால் பதினைந்து ஆண்டுகளுக்குப் பக்கம் ஓடிவிட்டது. ஒரு காப்புரிமையின் ஆயுளே 20 ஆண்டுகள் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

இரண்டு வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரியும். காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பரிசோதிக்கும் ஆய்வாளர் கெட்டவர் அல்லர். அவர் தேடிய இடத்தில் நம் அறிவு இல்லை, அவ்வளவுதான். ஒரு விண்ணப்பம் வந்ததும் ஆய்வாளர் தம் தரவுத்தளங்களில் சில மணி நேரம் தேடுவார். அதில் கிடைக்காதது அவரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. போகர் பாடலில் இருக்கிறது என்பது மியூனிக்கில், ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? செய்யுளில் இருக்கும் மருந்தின் பெயர் ஒன்று, அதன் தாவரவியல் பெயர் வேறு. நோயின் பெயரும் அப்படித்தான். பல பாடல்களில் பரிபாஷை எனும் மறைமொழி வேறு குறுக்கே நிற்கும்.

இந்த இடத்தில்தான், பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியாக வராத ஒரு வேலை நடந்தது. 2001-இல் இந்தியா பாரம்பரிய அறிவு மின்னூலகத்தைத் தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம், யோகம் ஆகியவற்றின் நூல்களில் உள்ள மருந்து முறைகளை எடுத்து, நோய்ப் பெயரையும் தாவரப் பெயரையும் இன்றைய அறிவியல் பெயர்களோடு பொருத்தி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் ஆய்வாளர் தேடக்கூடிய வடிவில் வைத்தார்கள். 2009-இல் ஐரோப்பிய காப்புரிமை அலுவலகமும் அமெரிக்க அலுவலகமும் இதைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்குப் பிறகு பல விண்ணப்பங்கள் திரும்பப் பெறப்பட்டன, பலவற்றில் உரிமைகோரல்கள் சுருங்கின. எதிர்ப்பு மனு, வழக்கறிஞர் கட்டணம், பத்து வருடக் காத்திருப்பு எதுவும் இல்லாமல் ஆய்வாளரின் முதல் கடிதத்திலேயே வேலை முடிந்தது. இன்னொன்றும் நடந்தது. உலகெங்கும் காப்புரிமைகளை வகைப்படுத்தும் சர்வதேச அட்டவணையில் மூலிகை மருந்துகளுக்கு ஏறக்குறைய ஒரே ஓர் உட்பிரிவுதான் இருந்தது. இந்தியா முன்வைத்த வகைப்பாட்டை ஒட்டி நடந்த பேச்சின் பலனாக அது இருநூறுக்கும் மேற்பட்ட உட்பிரிவுகளாக விரிந்தது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவைத்த நிலை மாறி, இஞ்சிக் குடும்பத்துக்கு ஓர் இடம், வேப்பங்குடும்பத்துக்கு ஓர் இடம் என்று ஆனது. நிபுணர் குழுக் கூட்டங்களில் சலிப்பூட்டும் பேச்சில் உருவான மாற்றம் இது. அறிவுசார் சொத்துரிமை விதிகளைச் சீர்திருத்துவதில் நாடுகள் ஒத்துழைத்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு கேட்டால், நான் உடன்படிக்கைகளுக்கு முன்பு இதைத்தான் சொல்வேன்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு உறுதியான விடை: நூல்களில் பதிவான சித்த மருந்து முறையை அப்படியே எடுத்துக் காப்புரிமை வாங்குவது 1995-இல் இருந்ததைவிட இன்று மிகக் கடினம். அதற்குக் காரணம் 2024 உடன்படிக்கை அல்ல, இந்த மின்னூலகமும் அமெரிக்கச் சட்டத்தின் மாற்றமும். 2011-இல் இயற்றப்பட்டு 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தத்துக்குப் பிறகு, உலகின் எந்தப் பகுதியில் மக்களுக்குக் கிடைத்துவந்ததும் அங்கேயும் கணக்கில் வருகிறது. ஆனால் மின்னூலகத்துக்கு எல்லை உண்டு. நூலில் ஏறாத வாய்மொழி அறிவு அதில் இல்லை. மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த தனி மூலக்கூறு, புதிய கலவை, புதிய அளவு ஆகியவற்றை அது தானாகத் தடுக்காது.

உடன்படிக்கைக்குத் திரும்புகிறேன். இந்தக் கட்டத்தைப் படிவத்தில் சேர்ப்பதற்கு 25 ஆண்டுகள் ஆயின. 1999-இல் கொலம்பியா உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் இந்த யோசனையை எழுப்பியது. 2000-இல் இதற்கென்று ஒரு குழு அமைத்தார்கள். வேறொரு பக்கம் உலக வர்த்தக அமைப்பில், அறிவுசார் சொத்துரிமை பற்றிய அதன் டிரிப்ஸ் ஒப்பந்தத்திலேயே இதைச் சேர்க்க வேண்டும் என்று இந்தியா, பிரேசில் உள்ளிட்ட நாடுகள் 2006-இல் திருத்தம் கொடுத்தன. அது நகரவில்லை. அமெரிக்காவும் ஜப்பானும், காப்புரிமை அலுவலகம் இதற்கான இடமல்ல, கண்டுபிடிப்பாளருக்கு நிச்சயமின்மை ஏற்படும் என்றன. ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகள், தெரிவிக்காதவரின் காப்புரிமையை ரத்து செய்யும் அதிகாரம் வேண்டும் என்றன. யாருடைய அறிவைப் பற்றிப் பேச்சு நடந்ததோ அந்தப் பழங்குடி மக்களுக்கு அறையில் இடம் இருந்தது, வாக்கு இல்லை. அவர்களை ஜெனீவாவுக்கு அழைத்துவரும் தன்னார்வ நிதி வற்றிப்போய்க் கிடந்த காலமும் உண்டு. இதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. விமான டிக்கெட்டுக்குப் பணம் இல்லாததால் சொந்தக்காரர் இல்லாமலே அவருடைய சொத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

25 ஆண்டுப் பேரம் உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவில் தெரிகிறது. ஒருவர் மூலத்தைத் தெரிவிக்காவிட்டால், தண்டனைக்கு முன் திருத்திக்கொள்ள வாய்ப்பு தர வேண்டும். தெரிவிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வழங்கப்பட்ட காப்புரிமையை ரத்து செய்யக் கூடாது, செல்லாததாக்கவும் கூடாது. மோசடி நோக்கம் இருந்தால் மட்டுமே அந்தந்த நாட்டுச் சட்டப்படி மேலும் நடவடிக்கை எடுக்கலாம். விண்ணப்பதாரர் எழுதியது உண்மையா என்று சரிபார்க்கும் கடமையும் அலுவலகத்துக்குக் கிடையாது. நாடும் மூலமும் இரண்டும் தெரியாது என்றால் அப்படியே உறுதிமொழி கொடுத்துவிட்டுப் போகலாம். உடன்படிக்கை பழைய விண்ணப்பங்களைத் தொடாது. 15 நாடுகள் சட்டப்படி உறுதி செய்து மூன்று மாதம் கழிந்த பிறகே நடைமுறைக்கு வரும். அப்போதும் சேர்ந்த நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும். மாநாட்டில் ஒருமித்த கருத்தோடு ஏற்றார்கள் என்பதால் எல்லா நாடுகளும் கட்டுப்பட்டுவிட்டதாகப் பொருள் இல்லை.

இதில் நம் நாட்டுக்கு ஒரு சிக்கல் உண்டு. அதைச் செய்திகள் அதிகம் பேசவில்லை. இந்தியச் சட்டம் ஏற்கெனவே கடுமையானது. உயிரியல் பொருளின் மூலத்தைத் தெரிவிக்காவிட்டாலோ தவறாகத் தெரிவித்தாலோ, காப்புரிமையை எதிர்க்கவும் ரத்து செய்யவும் அதையே காரணமாகக் காட்டலாம் என்று நம் காப்புரிமைச் சட்டத்தின் 25, 64 ஆகிய பிரிவுகள் சொல்கின்றன. பாரம்பரிய அறிவையே கண்டுபிடிப்பாக ஏற்க முடியாது என்று பிரிவு 3 தனியாகச் சொல்கிறது. உடன்படிக்கையில் சேர்ந்தால் ரத்து செய்யும் அதிகாரத்தை நாம் தளர்த்த வேண்டியிருக்கும் என்பது என் வாசிப்பு. வேறு விதமாக வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். நீதிமன்றம் சொல்லும்வரை இதை உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்ற நாடுகள் ஒரு படி மேலே வர, நாம் ஒரு படி கீழே இறங்கலாமா என்பதை டெல்லி நன்றாக யோசிக்க வேண்டும். நான் இறங்க மாட்டேன். குறைந்தபட்சம் மோசடி நோக்கம் என்பதை நம் சட்டத்தில் விரிவாக வரையறுத்துவிட்டுத்தான் கையெழுத்திடுவேன்.

படிவத்தில் ஒரு கட்டம் இருப்பதால் என்ன ஆகும் என்பது எங்களுக்குப் பழக்கமான விஷயம். இந்தியக் காப்புரிமை விண்ணப்பத்தின் முதல் படிவத்தில், இந்தக் கண்டுபிடிப்பு இந்தியாவிலிருந்து பெற்ற உயிரியல் பொருளைப் பயன்படுத்துகிறது, உரிய அதிகாரியின் அனுமதியைக் காப்புரிமை வழங்கப்படும் முன் சமர்ப்பிப்பேன் என்று ஓர் உறுதிமொழி அச்சாகியிருக்கும். பொருந்தாதவர்கள் அதை அடித்துவிடுவார்கள். அனுமதி தருவது தேசிய பல்லுயிர் ஆணையம். அதன் தலைமையகம் நம் சென்னையில், தரமணியில்தான் இருக்கிறது. கூந்தல் தைலம் செய்யும் ஒரு வாடிக்கையாளர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரிசலாங்கண்ணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நாட்டு மருந்துக் கடை பில்லை நீட்டுவார். அதில் எடையும் விலையும் இருக்கும். கடைக்காரர் மொத்த வியாபாரியைச் சொல்வார். மொத்த வியாபாரி தரகரைச் சொல்வார். தரகருக்குப் பிறகு யாரோ ஓர் ஊரில் வரப்போரம் பறித்த பெண்கள் இருப்பார்கள், அவர்களின் பெயர் எந்தத் தாளிலும் வராது. சென்னையிலேயே மூலம் இப்படி நாலாவது கையில் மறைந்துபோகும்போது, ஹாம்பர்க்கில் பொடியாக வாங்கிய ஆய்வகம் "தெரியாது" என்று எழுதினால் அதை எப்படி மறுப்பது? கட்டத்தை நிரப்பச் சொல்வது எளிது. நிரப்பக்கூடிய தகவல் வயலிலிருந்தே தாளில் ஏறி வர வேண்டும். ஊராட்சிகளில் உள்ள பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களின் பதிவேடுகள் அதற்காகத்தான் ஏற்பட்டன.

இருந்தும் அந்தக் கட்டத்தை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒருவர் இந்தியாவிலிருந்து வந்தது என்று எழுதிவிட்டால், அந்த வரி காப்புரிமை வெளியாகும்போது உலகமே படிக்கும் ஆவணமாகிறது. அதைப் பிடித்துக்கொண்டு, அனுமதி வாங்கினாயா, ஒப்பந்தம் போட்டாயா என்று நம் ஆணையம் கேட்க முடியும். பொய் எழுதினால் அந்தப் பொய்யே மோசடி நோக்கத்துக்குச் சான்றாக வரலாம். இதுவரை வெளிநாட்டு விண்ணப்பங்களில் இந்த நூல் முனைகூட இல்லாமல் நாங்கள் இருட்டில் தேடிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது கேள்வியான பங்குக்கு வருகிறேன். இங்கே காப்புரிமை விதிகளைவிட ஒப்பந்தங்களே பேசும். அகத்தியமலைப் பகுதியின் காணி மக்களின் அனுபவம் இதைக் காட்டும். 1987-இல் கேரளக் காட்டில் ஓர் ஆய்வுப் பயணத்தில் வழிகாட்டிகளாக வந்த காணிகள் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழத்தைத் தின்றுவிட்டுச் சோர்வில்லாமல் நடந்ததை விஞ்ஞானிகள் கவனித்தார்கள். திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதியைக் காணிகளுக்கென்று ஒதுக்கினார்கள், 1997-இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. இத்தகைய பலன் பகிர்வை நாடுகளுக்கிடையே விதியாக்கிய, பல்லுயிர் உடன்படிக்கையின் நகோயா நெறிமுறை 2010-இல் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே நடந்தது இது. குறைகளும் இருந்தன. தொடக்கத்தில் எல்லாக் காணிக் குடியிருப்புகளையும் கேட்கவில்லை. காட்டிலிருந்து இலை எடுக்க வனத்துறையின் தடை வந்தது. ஆனாலும் பணம் உண்மையில் ஒரு பழங்குடிச் சமூகத்தின் கைக்குப் போனது என்று உலகம் இன்றும் காட்டும் சில எடுத்துக்காட்டுகளில் அது ஒன்று.

எனக்குக் கவலை தரும் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. இன்று ஓர் ஆய்வகத்துக்குச் செடியே தேவையில்லை. அதன் மரபணு வரிசை பொதுத் தரவுத்தளத்தில் இருந்தால் போதும். அந்த எண்ம வரிசைத் தகவலை 2024 உடன்படிக்கை வெளிப்படையாகச் சேர்க்கவில்லை. நடைமுறைக்கு வந்து நான்கு ஆண்டு கழித்து மறுஆய்வு செய்யலாம் என்று தள்ளிவைத்திருக்கிறது. பல்லுயிர் உடன்படிக்கையின் கீழ் கொலம்பியாவின் காலி நகரில் 2024-இல் ஒரு நிதி உருவானது. வரிசைத் தகவலால் லாபம் அடையும் நிறுவனங்கள் அதில் பங்களிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கட்டாயப்படுத்தும் பல் அதற்கு இன்னும் முளைக்கவில்லை.

இனி உங்கள் தாத்தாவின் ஏடுகள். இங்கே நீங்கள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், அதை உங்களுக்காக நான் எடுக்க முடியாது. அவற்றில் உள்ளதைத் தேதியோடு பொதுவில் வெளியிட்டால், அந்தத் தேதிக்குப் பிறகு வேறு யாரும் அதைப் புதிது என்று சொல்ல முடியாது. அதே நேரம் உங்களாலும் சொல்ல முடியாது. யார் வேண்டுமானாலும் அந்த மருந்தைச் செய்யலாம். வெளியிடாமல் ரகசியமாக வைத்துக்கொண்டால் குடும்பத்தின் கையில் இருக்கும். ஆனால் வேறொருவர் தாமாக அதே முறைக்குக் காப்புரிமை கேட்டால், பெட்டிக்குள் பூட்டியிருந்த ஏடு அவரைத் தடுக்காது. நம் சட்டம் உள்ளூர்ச் சமூகத்தின் வாய்மொழி அறிவையும் எதிர்ப்புக்கு ஆதாரமாக ஏற்கிறது. ஒரே குடும்பத்தின் ரகசியத்தைச் சமூக அறிவு என்று ஏற்பார்களா என்பது சந்தேகமே. ஏடுகளில் பெரும்பகுதி அச்சான நூல்களில் ஏற்கெனவே இருப்பவையாக இருக்கலாம். அதனால் முதலில் ஏட்டுத் தமிழ் தெரிந்த ஒரு சித்த மருத்துவரிடம் காட்டி, நூலில் உள்ளது எது, தாத்தாவின் சொந்தக் கைவரிசை எது என்று பிரித்துவையுங்கள். படம் எடுத்து உணர்ச்சிவசப்பட்டு முகநூலில் போட்டுவிட வேண்டாம். முடிவு செய்த பிறகு போடலாம், போட்ட பிறகு திரும்பப் பெற முடியாது.

சந்தேகத்துக்குரிய விண்ணப்பம் ஏதேனும் கண்ணில் பட்டால் அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பேடன்ட்ஸ்கோப் தளத்தில் தாவரவியல் பெயரை இட்டு இலவசமாகத் தேடலாம். சர்வதேச விண்ணப்பமாக இருந்தால், அதன் முன்னுரிமைத் தேதியிலிருந்து (அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த தேதி) 28 மாதங்களுக்குள், இது ஏற்கெனவே இந்த நூலின் இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கட்டணம் இல்லாமல் அங்கேயே தெரிவிக்கலாம். ஐரோப்பிய அலுவலகத்தில் பெயர் சொல்லாமலேகூட இதைச் செய்யலாம். இந்தியாவில் வழங்கப்படும் முன் எதிர்ப்பு மனு கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு. நூலின் பெயர், பதிப்பு ஆண்டு, பக்க எண், அந்தப் பக்கத்தின் தெளிவான படம், நேர்மையான ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். கோபமான கடிதத்தை ஆய்வாளர் படிக்கமாட்டார், பக்க எண்ணைப் படிப்பார்.